கண்ணாடியிழைப் படகும் அதன் உள்மரமும்



மரப்படகு நீரில் ஊறி அழுகும். இரும்புப் படகு துருவேறும். இவ்விரு குறைகளும் இல்லாத ஒரு பொருளால் படகு கட்ட இயலுமா என்று கடலோடிகள் நெடுங்காலம் எண்ணியதுண்டு. அந்த எண்ணத்திற்கு விடையாக வந்ததே கண்ணாடியிழைப் படகு. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மட்டுமா? நீங்கள் வாழ்கின்ற மும்பை, கோவா, மங்களூர், கொச்சி, போர்ட் பிளேர் ஆகிய ஊர்களின் துறைகளிலும் இன்று இந்தப் படகுகளைக் காணலாம். நம் மீனவர்கள் இதனைப் 'பைபர் படகு' என்று அழைக்கிறார்கள்.

மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பது என் தொழில். பெயரைப் பார்த்துப் பொருளை முடிவு செய்துவிடலாகாது என்பது அத்தொழிலின் முதற்பாடம். 'கண்ணாடியிழைப் படகு' என்பதும் அப்படி ஏமாற்றக்கூடிய ஒரு பெயரே. இதைக் கேட்டவுடன் படகு முழுவதும் கண்ணாடியிழையால் ஆனது, ஆகவே அதற்கு அழுகல் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் இவ்வகைப் படகுகள் பலவற்றின் உள்ளே மரம் இருக்கிறது. வெளியே தெரியாத அந்த மரம் தான் படகின் பாரத்தைத் தாங்குகிறது. அது அழுகினால் நேருவது என்ன, அதை எவ்வாறு மாற்றுவது என்பவை பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கண்ணாடியை உருக்கி நூல் போல இழுக்கும் தொழில் 1930-களில் அமெரிக்காவில் பேரளவில் வளர்ந்தது. அந்த இழையைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து, அச்சின் மேல் படலம் படலமாகப் படியவைத்து, படகின் உடலை ஒரே வார்ப்பாக எடுக்கும் முறை 1940-களில் தோன்றியது. ஒஹாயோ மாநிலத்து ரே கிரீன் என்பவர் 1942-இல் செய்த சிறு பாய்மரப் படகை இதன் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்வார்கள். போருக்குப் பின் இம்முறை அமெரிக்கா எங்கும் பரவியது. ஏரிகளிலும் ஆறுகளிலும் உல்லாசமாகச் செல்வதற்கான சிறு மோட்டார்ப் படகுகள் பெருந்தொகையாக வார்க்கப்பட்டன. அவற்றுள் மிகப் பலவற்றின் உள்ளே மரச் சட்டங்களே வைக்கப்பட்டன. இன்று அந்நாட்டில் பழைய படகு வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "உள்மரம் நன்றாக இருக்கிறதா?" என்பதுதான்.

உள்ளே மரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலுள்ள முறத்தை எண்ணிப் பாருங்கள். பின்னல் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், சுற்றியுள்ள மூங்கில் விளிம்பைக் கழற்றிவிட்டால் அது துவண்டுவிடும். கண்ணாடியிழை ஓடும் அத்தகையதே. அது எளிதில் கிழியாது. ஆனால் மெல்லியதாக இருக்கும்போது வளையும். அலையில் ஏறி இறங்கும் படகின் அடித்தளம் வளைந்து கொடுத்தபடியே இருந்தால் நாளடைவில் வெடித்துவிடும். ஆகவே அணியத்திலிருந்து அமரம் வரை, அதாவது முன்புறத்திலிருந்து பின்புறம் வரை, உள்ளே நீளவாக்கில் இரண்டோ நான்கோ சட்டங்களை வைப்பார்கள். இவற்றை நாம் நெடுஞ்சட்டங்கள் எனலாம். குறுக்கே சில தடுப்புப் பலகைகள் நிற்கும். மோட்டாரைத் தாங்கும் பின்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. இவை எல்லாவற்றின் மேலும் பிசினில் தோய்த்த இழையைப் போர்த்தி, ஓட்டோடு ஓடாக ஒட்டிவிடுவார்கள். மேலே தளம் போட்டு மூடியபின் உள்ளே மரம் இருப்பதே தெரியாது.

பிசினால் மூடிய மரத்திற்குள் நீர் எவ்வழியே புகுகிறது? பெரும்பாலும் நாமே செய்த துளைகளின் வழியேதான். இருக்கையைப் பொருத்த ஒரு திருகாணி, எஞ்சினை நிறுத்த நான்கு போல்ட்டுகள், தேங்கும் நீர் வடியச் சட்டத்தின் அடியில் குடைந்த ஒரு வழி என்று துளைகள் பல. துளையின் உட்புறத்தைப் பிசினால் அடைக்காவிட்டால் நீர் அங்கே மரத்தின் நரம்பைத் தொட்டு உறிஞ்சப்படும். உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. பிசின் உறை அப்போது ஈரத்தைக் காக்கும் உறையாக மாறிவிடுகிறது.

மரத்தை அழிப்பது நீரன்று. ஈரத்தில் வளரும் பூஞ்சணம். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்குமானால் பூஞ்சணம் வளராது. அதற்கு மேல் ஈரமும், சிறிது காற்றும், மிதமான வெப்பமும் கிடைத்துவிட்டால் அது மரத்தை உண்ணத் தொடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'உலர்ந்த அழுகல்' என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. அதுவும் ஏமாற்றும் பெயரே. ஈரமின்றி எந்த மரமும் அழுகுவதில்லை.

இன்னொரு செய்தி வியப்பளிக்கும். கடல் நீரைவிட மழைநீரே படகின் மரத்திற்கு அதிகக் கேடு செய்கிறது. உப்பு பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மரக்கப்பல் கட்டுவோர் விலாச்சட்டங்களின் இடைவெளியில் கல்லுப்பைக் கொட்டி நிரப்பியது இதற்காகவே. ஆகவே கடலில் நாள்தோறும் உழைக்கும் படகைக் காட்டிலும், கரையில் மூடாமல் கிடந்து மழைநீரை ஏந்தும் படகின் உள்மரம் விரைவில் கெடக்கூடும்.

நோயை அறியும் வழிகள் எளியவை. தளத்தின் மேல் நடக்கும்போது எங்கேனும் காலடியில் மெத்தென்று அமிழ்ந்தால் ஐயுற வேண்டும். சிறு சுத்தியலால் சட்டத்தை முழுநீளமும் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட மரம் மந்தமாக ஒலிக்கும். எஞ்சினைத் தாங்கும் திருகாணி பிடிப்பின்றிச் சுழன்றால் உள்ளே மரம் இல்லை என்று பொருள். ஐயம் தீராவிட்டால் படகின் உட்புறமிருந்து, அடி ஓட்டைத் தொடாதபடி, சட்டத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளையிட்டு, வரும் தூளைப் பார்க்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நலம். கறுத்த, ஈரமான, புளித்த வாடை வீசும் தூள் வந்தால் சட்டம் போய்விட்டது. பார்த்தபின் துளையை அடைக்க மறந்துவிடக் கூடாது.

இப்போது பரிகாரத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் மங்களூர்த் துறையருகே ஒரு கொட்டகையில், தூத்துக்குடியிலிருந்து வந்து தொழில் நடத்தும் முதிய ஓடாவி ஒருவரைக் கண்டேன். படகு கட்டும் தச்சரை ஓடாவி என்பது நம் கடற்கரை வழக்கு. அவர் முன்னே தளம் அறுக்கப்பட்ட ஒரு படகு கிடந்தது. ராமநாதபுரத்தைச் சேர்ந்த அதன் உரிமையாளர் கடன் வாங்கி அப்படகை வாங்கியவர். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகஸ்டு முதல் நாளே கடலுக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு.

"அண்ணாச்சி, மேலே ரெண்டு மேட் போட்டு மூடிட்டாப் போதாதா?" என்று கேட்டார் அவர். ஓடாவி பதில் சொல்லவில்லை. அறுத்த சட்டத்தின் வாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஊறிய தேயிலைச் சக்கை போல இருந்தது அது. "தம்பி, இது மேலதான் உன் எஞ்சின் உக்காந்திருக்கு. நாலு பேரைக் கூட்டிட்டுப் போறே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. படகு இரண்டு வாரம் தாமதித்தே கடலுக்குப் போயிற்று; அந்த இரண்டு வாரத்து வருவாயும் போயிற்று. ஆயினும் உரிமையாளர் பிறகு அதைப் பற்றி முறையிடவில்லை.

அந்த ஓடாவி செய்த வேலையின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. கருவியை எடுக்குமுன் அவர் படகைக் கூரையின் கீழ்க் கொண்டுவந்தார். பிறகு அதனைச் சமமட்டமாக நிறுத்தி, அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்தார். இது மிக முக்கியம். சட்டத்தை எடுத்துவிட்டால் ஓடு தன் எடையாலேயே தொய்ந்து வடிவம் மாறும். அந்த நிலையில் புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால் கோணல் நிலைத்துவிடும். அடித்தளம் சிறிது குழிந்தாலும் புடைத்தாலும் படகின் ஓட்டம் கெடும். அதனாலேயே எல்லாச் சட்டங்களையும் ஒருசேர எடுக்காமல், ஒன்றை எடுத்து அதை மாற்றியபின் அடுத்ததற்குப் போவது நல்லது. எடுக்குமுன் ஒவ்வொரு சட்டத்தின் உயரம், நடுக்கோட்டிலிருந்து அதன் தூரம், எஞ்சின் அமரும் மட்டம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

தளத்தை அறுக்கும்போது சுற்றிலும் 2 அல்லது 3 அங்குல விளிம்பை விட்டு அறுத்தால் புதுத் தளத்தை அதன் மேல் இணைக்கலாம். சட்டத்தின் இழை உறையைக் கீறி உள்மரத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பல படகுகளில் மிதப்பதற்காக இடைவெளியில் நுரைப்பொருள் ஊற்றியிருப்பார்கள். ஆண்டுகள் செல்ல அதுவும் நீரைக் குடித்து, பக்கத்து மரத்தை நனைத்தபடியே இருக்கும். நனைந்த நுரையை விட்டுவைப்பது நோயை விட்டுவைப்பதாகும்.

அடுத்த வேலை எவருக்கும் பிடிக்காதது. ஆனால் பழுதின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. புது இழை ஒட்டும் இடம் முழுவதையும், சட்டத்தின் இருபுறமும் 4 முதல் 6 அங்குல அகலத்துக்கு, பழைய வண்ணமும் அழுக்கும் போய்ச் சுத்தமான இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அவ்வேளையில் பறக்கும் கண்ணாடித் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் பகை. முகமூடியும் கண்காப்பும் முழுக்கைச் சட்டையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

புதுச் சட்டத்துக்கு நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். ஒட்டுப்பலகையானால் கப்பல் தரத்துப் பலகை வேண்டும். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 710 என்னும் தரக்குறி உண்டு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாதிருப்பது அப்பலகைக்கு வைக்கப்படும் சோதனை. ஓட்டின் வளைவை முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு மரத்தில் வெட்டுவது சிக்கனம். உயரத்தைக் குறைத்துவிடக் கூடாது. ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தால் கூடுவது. உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மேல் விளிம்புகளை உருட்டிவிட வேண்டும், கூரான முனையின் மேல் இழை படியாது.

பொருத்துமுன் மரத்தின் எல்லாப் பக்கங்களுக்கும், சிறப்பாக நரம்பு தெரியும் வெட்டுமுனைகளுக்கும், பிசின் பூச வேண்டும். அடிப்பக்கம் யாருக்குத் தெரியப் போகிறது என்று பூசாமல் விட்ட தொழிற்சாலைகள் உண்டு. அவற்றின் படகுகளே விரைவில் அழுகின. சட்டத்தை ஓட்டின் மேல் நேரே இறுக்கி அழுத்தவும் கூடாது. அப்படிச் செய்தால் அலை மோதும்போது ஓடு அந்தக் கூரிய வரியில் மடங்கி வெடிக்கும். கெட்டியான பிசின் விழுதைப் பரப்பி, அதன் மேல் சட்டத்தை அமர்த்தி, இருபுற மூலைகளையும் அதே விழுதால் வளைவாக நிரப்ப வேண்டும். அதன்பின் இழைப் பட்டைகளை ஒன்றைவிட ஒன்று அகலமாக, படிப்படியாக ஓட்டின் மேல் பரவும்படி ஒட்டினால் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பகிர்ந்துகொள்ளப்படும்.

பிசினில் இருவகை உண்டு. பாலியெஸ்டர் மலிவானது, ஆனால் மரத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றுவதில்லை, இறுகும்போது சுருங்கவும் செய்யும். எபாக்சி விலை கூடியது. மரத்தையும் பழைய பாலியெஸ்டரையும் நன்றாகப் பற்றும். பழைய பாலியெஸ்டரின் மேல் எபாக்சியைப் பூசலாம். எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரிவரப் பற்றாது. பாலியெஸ்டரை இறுகச் செய்யக் கேட்டலிஸ்ட், ஆக்சிலரேட்டர் என்னும் இரு திரவங்கள் பட்டறைகளில் உண்டு. இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றோடொன்று நேரே கலக்கக் கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரைப் பிசினில் நன்கு கலந்து முடித்தபின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்குக் கேடு வரும்.

மரமே வேண்டாம், நுரைச் சட்டம் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் நுரைக்குத் தாங்கும் வலிமை இல்லை. அது இழைக்கு வடிவம் கொடுக்கும் உரு மட்டுமே. பழைய படகுகளில் மெல்லிய இழை மரத்தைப் போர்த்தியிருந்தது; பாரத்தை மரம் தாங்கியது. மரத்தை எடுத்து நுரையை வைப்பவர், அந்தப் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு இழையைத் தடிப்பாக்கியே தீர வேண்டும். இதை மறந்து எடை குறைந்ததென்று மகிழ்பவர் படகின் எலும்பை எடுத்துவிட்டவராவார்.

அழுகிய மரத்தில் துளையிட்டு நீர்த்த பிசினை ஊற்றிவிட்டால் மரம் மீண்டும் உறுதிப்படும் என்று சொல்வோரும் உண்டு. ஊறிய மரத்தில் பிசின் எங்கும் பரவுவதில்லை. பரவிய இடத்திலும் பழைய வலிமை திரும்புவதில்லை. கரையான் அரித்த உத்தரத்துக்கு வண்ணம் பூசுவது போன்றதே அது.

வேலை முடிந்தபின்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எஞ்சினைப் பொருத்தப் புதுச் சட்டத்தில் துளையிட வேண்டுமல்லவா? வேண்டியதைவிடப் பெரிய துளையாக இட்டு, அதனைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிட வேண்டும். அப்போது போல்ட்டின் பக்கமாக நீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது. நீர் வடியும் வழிகளிலும் சிறு குழாயைப் பதித்துச் சுற்றிலும் அடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாதவர் புதுச் சட்டத்துக்கும் பழைய சட்டத்தின் கதியையே தேடி வைக்கிறார்.

இவ்வேலைக்குக் காலமும் கருதத்தக்கது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வெயில் காயும் காலம். மரம் உலரவும் பிசின் இறுகவும் அது ஏற்றது. மேற்குக் கரையில் தடைக்காலம் பெருமழையோடு வருகிறது. அங்குள்ளோர் நல்ல கூரையில்லாமல் இவ்வேலையைத் தொடங்கினால் புது மரத்துக்குள்ளேயே ஈரத்தை வைத்து மூடியவராவர். மங்களூர் ஓடாவி இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டது மரம் உலர்வதற்காகவே.

இந்த இடத்தில் நம் கட்டுமரத்தை நினைக்காதிருக்க முடியவில்லை. ஆங்கிலேயர் தம் மொழியில் 'கேட்டமரான்' என்று ஏற்றுக்கொண்ட தமிழ்ச்சொல் அது. கடலிலிருந்து திரும்பியதும் மீனவர் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயவைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். ஈரம் புகாத மரம் கிடையாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே புகுந்த ஈரம் வெளியேற நாள்தோறும் வழி செய்தார்கள். இன்றைய படகு வேகமானது, வசதியானது. ஆனால் அதன் மரத்தைப் பிரித்துக் காயவைக்க இயலாது. கட்டுமரத்தில் வெயில் செய்த வேலையை, இங்கே துளையை அடைக்கும் கையும் தட்டிப் பார்க்கும் காதும் செய்தாக வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாக ஏராளமாக வழங்கப்பட்டன. அவற்றுள் இன்னும் உழைப்பவை இருபது ஆண்டுகளைக் கடந்தவை. உங்களுள் சிலர் ஊரிலிருக்கும் தம்பிக்கோ மைத்துனருக்கோ படகு வாங்கப் பணம் அனுப்புகிறவர்களாக இருக்கலாம். பழைய படகு விலைக்கு வரும்போது வெளிப்பூச்சின் பளபளப்பையும் எஞ்சினின் குதிரைத் திறனையும் மட்டும் விசாரித்து நிறுத்திவிடாதீர்கள். உள்ளே மரம் உண்டா, அது எந்த நிலையில் இருக்கிறது, தட்டிப் பார்த்தது யார் என்று கேளுங்கள். அனுபவமுள்ள ஓடாவி ஒருவரை உடன் அழைத்துச் செல்லும்படி எழுதுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி, அப்படகில் ஏறப் போகிறவர்களின் உயிரோடு ஒப்பிட மிகச் சிறிய தொகையாகும்.